எல்லாமே கல் அல்ல: சிறுநீரக மெடுல்லா புற்றுநோயும் கொங்கு நாடும்

கொங்கு நாட்டில் விலாவில் வலி, சிறுநீரில் சிவப்பு என்று யாராவது சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து உடனே வருகிற சொல் 'கல்'. அதில் குறை சொல்ல முடியாது. வெயிலில் நாள் முழுக்க வேலை, போதிய தண்ணீர் குடிக்காத பழக்கம், போர்வெல் உப்புத் தண்ணீர்மேல் ஊருக்குள்ள நெடுநாள் சந்தேகம் எல்லாம் சேர்ந்து சிறுநீரகக் கல்லை இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த நோயாக்கி வைத்திருக்கின்றன. வைத்தியமும் கைவசம் இருக்கிறது. வாழைத்தண்டுச் சாறு, பார்லிக் கஞ்சி, காப்புக் கட்டு நாளில் வேப்பிலையோடும் ஆவாரம்பூவோடும் வீட்டு முகப்பில் செருகும் அதே பூளைப்பூச் செடியைக் காய்ச்சிய கஷாயம். பெரும்பாலானோருக்கு உண்மையிலேயே கல்தான். அது கரைந்தோ இறங்கியோ போய்விடும். கஷாயத்துக்கும் நல்ல பெயர் கிடைத்துவிடும்.

இந்தக் கட்டுரை அந்தப் பெரும்பாலானோரைப் பற்றியது அல்ல. அதே விலா வலி, அதே சிவந்த சிறுநீர். ஆனால் உள்ளே வளர்வது கல் அல்ல, மிக அரிதான ஒரு புற்றுநோய். மருத்துவ நூல்கள் அதை ரீனல் மெடுல்லரி கார்சினோமா என்கின்றன. தமிழில் சிறுநீரக மெடுல்லா புற்றுநோய் எனலாம்; மெடுல்லா என்பது சிறுநீரகத்தின் உள் அடுக்கு. உலகம் முழுவதும் மருத்துவ இலக்கியத்தில் பதிவானவர்களின் எண்ணிக்கை சில நூறுகள்தான். அத்தனை அரிய நோயைக் கோவை, திருப்பூர், ஈரோட்டு வாசகர்கள் ஏன் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற கேள்வி நியாயமானது. அதற்குப் பதில் நம் மேற்கு மலைகளிலும் இருக்கிறது, நம் ரயில் நிலையங்களிலும் இருக்கிறது.

முதலில் நோயின் வரலாறு. 1995இல் அமெரிக்க இராணுவ நோயியல் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிஸ், மொஸ்டோஃபி, செஸ்டர்ஹென் என்ற மூன்று நோயியல் வல்லுநர்கள், தங்களிடம் ஆண்டுக்கணக்கில் சேர்ந்திருந்த சிறுநீரகக் கட்டிகளுள் 34ஐத் தனியே பிரித்தெடுத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். நோயாளிகள் ஏறக்குறைய எல்லோரும் இளையவர்கள். 11 வயது முதல் 39 வரை. ஒருவர் தவிர எல்லோரிடமும், இரத்தச் சிவப்பணுவை அரிவாள்போல் வளையச் செய்யும் அரிவாள் செல் (சிக்கிள் செல்) மரபணு ஒற்றைப் பிரதியாக இருந்தது. அதாவது அவர்கள் சிக்கிள் நோயாளிகள் அல்லர். தாய் அல்லது தந்தை ஒருவரிடமிருந்து மட்டும் அந்த மரபணுவைப் பெற்று, அன்றாட வாழ்வில் எந்தத் தொல்லையும் இன்றித் திரிகிற கடத்திகள். எஞ்சிய ஒருவருக்கும் சிக்கிள் வகையைச் சேர்ந்த வேறொரு ஹீமோகுளோபின் கோளாறு இருந்தது. அறுவைக்குப் பிறகு அவர்கள் வாழ்ந்த சராசரிக் காலம் 15 வாரம். சிக்கிள் மரபணு சிறுநீரகத்துக்குச் செய்யும் கேடுகள் ஆறு என்று அதுவரை எண்ணி வைத்திருந்தார்கள். இதை ஏழாவது என்று சேர்த்தார்கள்.

இப்போது மேற்கே திரும்புவோம். இந்தியாவில் சிக்கிள் மரபணு முதன்முதலில் தென்பட்ட இடங்களுள் ஒன்று நம் நீலகிரி. 1952இல் ஹெர்மன் லேமன், மேரி கட்புஷ் இருவரும் அங்குள்ள பழங்குடியினரின் இரத்தத்தைப் பரிசோதித்து அதைப் பதிவு செய்தார்கள். அதற்கு முன்பு இது ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கே உரியது என்றுதான் உலகம் எண்ணியிருந்தது. இருளர், குறும்பர், பணியர் ஆகியோரிடம் இது பரவலாக உண்டு. சில குழுக்களில் பத்துப் பேரில் மூவர் வரை கடத்திகள். மலேரியா கோலோச்சிய காடுகளில் இந்த மரபணுவின் ஒற்றைப் பிரதி உயிர் காத்தது. அதனால்தான் தலைமுறைகளைத் தாண்டி நிலைத்தது. தடாகம் சாலையில் ஏறி ஆனைகட்டியைத் தாண்டினால் கேரளத்தின் அட்டப்பாடி. அங்குள்ள இருளர்களிடமும் சிக்கிள் நோய் நன்றாகவே பதிவாகியிருக்கிறது. மாநில எல்லை நமக்குத்தான். உறவு முறைகளுக்கு அது பொருட்டல்ல.

ஆனால் மலையை மட்டும் சொல்லி நிறுத்தினால் பாதிதான் சொன்னதாகும். தன்பாத்திலிருந்து ஆலப்புழா போகிற எக்ஸ்பிரஸ் ஒடிசாவின் சம்பல்பூர், பலாங்கீர், திட்லாகர் வழியாக வந்து ஈரோட்டிலும் திருப்பூரிலும் கோவையிலும் நிற்கிறது. மேற்கு ஒடிசா, சத்தீஸ்கர், ஜார்க்கண்ட், மத்தியப் பிரதேசம் எல்லாம் நாட்டின் சிக்கிள் பட்டையைச் சேர்ந்த பகுதிகள். அங்கே இந்த மரபணு பழங்குடியினரிடம் மட்டுமல்ல, மற்றச் சமூகங்களிலும் உண்டு. அந்த ரயிலில் வந்திறங்கும் பிள்ளைகள் பனியன் கம்பெனியிலும், நூற்பாலையிலும், வார்ப்படப் பட்டறையிலும், நாமக்கல் கோழிப்பண்ணையிலும் வேலை பார்க்கிறார்கள். வயது பதினெட்டிலிருந்து முப்பது, பெரும்பாலும் ஆண்கள். இந்தப் புற்றுநோய் தேடிப் பிடிக்கும் வயதும் பாலும் அதுவேதான். தன் ஹீமோகுளோபின் எந்த வகை என்று அவர்களுள் பலருக்குத் தெரியாது. அவர்களைப் பார்க்கும் மருத்துவர்களுக்கும் கேட்கத் தோன்றுவதில்லை. சிக்கிள் என்றால் மலைவாழ் மக்கள் நோய் என்று கொங்கு மருத்துவத்தில் ஒரு பிடிவாதமான எண்ணம் இருக்கிறது. அதைத் திருத்திக்கொள்ள நேரம் வந்துவிட்டது என்பது என் கருத்து.

பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. அமெரிக்க மதிப்பீடு ஒன்றின்படி இளம் வயதுக் கடத்திகளில் 20 ஆயிரம் முதல் 39 ஆயிரம் பேருக்கு ஒருவர் என்ற அளவில்தான் இந்த நோய் வருகிறது. 2011 கணக்கெடுப்பில் நீலகிரி மாவட்டப் பழங்குடியினர் மொத்தமே 33 ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு. அவர்களில் ஒரு பகுதியினர்தான் கடத்திகள். எனவே அந்த மாவட்டத்தில் ஆண்டுக்கணக்கில் ஒருவருக்குக்கூட வராமல் போகலாம். கடத்தி ஒருவருக்குச் சிறுநீரில் இரத்தம் வந்தாலும் பெரும்பாலும் அது புற்றுநோய் இல்லை; சிறுநீரகத்தின் உள்முனைத் திசு இரத்த ஓட்டமின்றிச் சிதைவதால் வருவதுதான் அதிகம். பிறகு எதற்கு இவ்வளவு பேச்சு என்றால், அரிதான இந்த நோய் வந்துவிட்டால் அது பரவுகிற வேகம் மற்றச் சிறுநீரகப் புற்றுநோய்கள் எதனோடும் ஒப்பிட முடியாதது. அந்த வேகம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் இங்கே பேச வேண்டிய விஷயம்.

நோய் பிறக்கும் இடமே முதல் காரணம். சிறுநீரகத்தின் வெளி அடுக்கு கார்டெக்ஸ், உள் அடுக்கு மெடுல்லா. இதயம் வெளியேற்றும் இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களுக்குப் போகிறது. ஆனால் அதில் பெரும்பகுதியைக் கார்டெக்ஸே வாங்கிக்கொள்கிறது. மெடுல்லாவுக்குக் கிடைப்பது பத்தில் ஒரு பங்கு அளவுதான். கீழ்பவானி வாய்க்காலின் கடைமடை விவசாயிக்கு இதை விளக்கவே வேண்டாம். ஆக்சிஜன் குறைவு, அமிலத்தன்மை, இரத்தத்தைவிட நான்கு மடங்கு வரை உப்புச் செறிவு என்று உடம்பிலேயே மிகக் கடுமையான சூழல் அங்கேதான் இருக்கிறது. சிறுநீரைச் செறிவாக்க அது தேவை. ஆனால் சிக்கிள் ஹீமோகுளோபினுக்கு இந்த மூன்றும் ஆகாதவை. உடம்பின் வேறெங்கும் சாதுவாக இருக்கும் கடத்தியின் சிவப்பணு, மெடுல்லாவின் நுண்குழாய்களில் நுழைந்ததும் அரிவாளாக வளைந்து அடைத்துக்கொள்கிறது. ஏற்கெனவே மூச்சுத் திணறுகிற திசு இன்னும் திணறுகிறது.

ஆண்டுக்கணக்கில் இப்படித் திணறும் செல்களில் டி.என்.ஏ. இழைகள் அறுபடுகின்றன. அவசரமாக ஒட்டவைக்கும்போது தவறுகள் நேர்கின்றன. 22ஆம் குரோமோசோமில் ஸ்மார்க்-பி1 என்ற மரபணு இருக்கிறது. செல்லுக்குள் எந்த மரபணு எப்போது திறக்க வேண்டும், எது மூடியிருக்க வேண்டும் என்பதை நிர்வகிக்கும் புரதக் கூட்டத்தில் அது தவிர்க்க முடியாத ஓர் உறுப்பு. அறுந்து ஒட்டும் குழப்பத்தில் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளும் தொலைந்தால் செல்லின் அடையாளமே கலைந்துவிடுகிறது. தான் சிறுநீர்க் குழலின் செல் என்பதை மறந்து, எங்கும் ஊர்ந்து போகவும் எங்கும் வேர்பிடிக்கவும் அது துணிகிறது. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாடு இந்த நோயின் பெயரிலேயே ஸ்மார்க்-பி1 குறைபாட்டைச் சேர்த்துவிட்டது. குழந்தைகளுக்கு வரும் ராப்டாய்டு கட்டி என்ற கொடிய புற்றுநோயிலும் தொலைந்திருப்பது இதே மரபணுதான். இரண்டின் குணமும் ஒன்றுபோல இருப்பது தற்செயல் இல்லை.

இங்கேதான் வழக்கமான அளவுகோல்கள் கைவிடுகின்றன. சாதாரணச் சிறுநீரகப் புற்றுநோயில் மருத்துவர் முதலில் பார்ப்பது கட்டியின் அளவு. 4 சென்டிமீட்டருக்கு உட்பட்டது, 7 வரை, 10 வரை, அதற்கு மேல் என்று நிலைகள் பிரிக்கிறார்கள். 4க்கு உட்பட்ட கட்டி வெளியே பரவியிருக்க வாய்ப்பு மிகக் குறைவு. அதை மட்டும் வெட்டியெடுத்து மிச்சச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவார்கள். முதியவர் என்றால் ஒன்றும் செய்யாமல் கண்காணித்துக்கொண்டே இருப்பதும் உண்டு. குரோமோபோப் என்ற இன்னொரு அரிய வகை பல சென்டிமீட்டர் வளர்ந்தும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே கிடக்கும். மெடுல்லா புற்றுநோய்க்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. கட்டி சிறிதாக இருக்கும்போதே நிணநீர் முடிச்சுகளில் நோய் ஏறியிருக்கும்.

காரணம் அதன் வளர்ச்சி முறை. கார்டெக்ஸில் பிறக்கும் கட்டி பொதுவாகத் தன்னைச் சுற்றி ஒரு போலி உறையை வைத்துக்கொண்டு உருண்டையாகப் பெருகும். மெடுல்லாவில் பிறக்கும் இது உறை எதுவும் இன்றித் திசுக்களுக்கிடையே ஊடுருவிப் படர்கிறது. அது பிறக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே சிறுநீரகத்தின் வாயில் இருக்கிறது. இரத்த நாளங்களும் நிணநீர்க் குழாய்களும் நுழைந்து வெளியேறும் இடம் அது. நிணநீர்ப் பாதையில் ஏறிய செல்கள் முதலில் வயிற்றின் பின்புறம் பெருந்தமனியை ஒட்டிய முடிச்சுகளுக்கும், அங்கிருந்து மார்புக்கும், சிலருக்குக் கழுத்தின் இடப்பக்க முடிச்சு வரையும் போகின்றன. நுரையீரல், கல்லீரல், அட்ரினல் சுரப்பி, எலும்பு என்று மற்ற இடங்கள் தொடர்கின்றன. 2000க்கும் 2015க்கும் இடையே பல மருத்துவ மையங்களில் சிகிச்சை பெற்ற 52 பேரைத் தொகுத்துப் பார்த்த ஆய்வில், ஏறக்குறைய எல்லோருமே மூன்றாம் அல்லது நான்காம் நிலையில்தான் கண்டறியப்பட்டிருந்தார்கள். அவர்களின் இடைநிலை வயது 28.

ஸ்கேன் அறையில் இது எப்படி ஏமாற்றுகிறது என்பதைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். அல்ட்ராசவுண்டில் கட்டி என்றால் சிறுநீரகத்தின் விளிம்பைத் தள்ளிக்கொண்டு ஒரு புடைப்பாகத் தெரியும் என்று எதிர்பார்ப்போம். இந்த நோயில் சிறுநீரகம் தன் அவரை விதை வடிவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, மொத்தமாகக் கொஞ்சம் பெருத்திருக்கும். நடுப்பகுதி மங்கலாக இருக்கும். சிறுநீர் சேரும் கிண்ணங்கள் விரிந்திருக்கும். கீழே எங்கோ கல் அடைத்து நீர் தேங்கியிருந்தாலும் படம் இதைப் போலவே இருக்கும். கிருமித்தொற்றால் வீங்கிய சிறுநீரகமும் இதைப் போலத்தான். முன்முடிவோடு பார்க்கும் கண்ணுக்கு அங்கே கட்டி தெரியாது. "கல் இறங்கிப் போயிருக்கலாம், நீர் கோத்திருக்கிறது" என்று அறிக்கை வரும். படம் துலங்குவதற்கான கான்ட்ராஸ்ட் மருந்தை நரம்பில் ஏற்றி எடுக்கும் சி.டி. ஸ்கேனில்தான் ஊடுருவலும் முடிச்சுகளும் துலங்கும். கல்லுக்காக எடுக்கும் சி.டி. பெரும்பாலும் மருந்து ஏற்றாமல் எடுப்பது என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும்.

பக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்தப் புற்றுநோய் நான்கில் மூன்று பங்கு வலது சிறுநீரகத்தில்தான் வருகிறது. வலது சிறுநீரகத் தமனி இடதைவிட நீளமானது. அந்தப் பக்கம் இரத்த ஓட்டம் சற்று மந்தம் என்பது ஒரு விளக்கம். வேடிக்கை என்னவென்றால், புற்றுநோய் இல்லாத கடத்திகளுக்குச் சிறுநீரில் இரத்தம் வருவது பெரும்பாலும் இடது பக்கத்திலிருந்து. இடது சிரை இரண்டு தமனிகளுக்கு இடையே நசுங்கி அழுத்தம் கூடுவதுதான் அதற்குக் காரணம். எனவே கடத்தி ஒருவர் வலது விலாவைப் பிடித்துக்கொண்டு, சிறுநீர் சிவப்பாகப் போகிறது என்று வந்தால் மருத்துவரின் காது கொஞ்சம் கூர்மையாக வேண்டும். இடது பக்கம் என்பதற்காக அசட்டையாக இருந்துவிடவும் கூடாது.

உடல் உழைப்பு பற்றிய கேள்வி சுவையானது, எச்சரிக்கையோடு கையாள வேண்டியதும்கூட. ஹூஸ்டனில் உள்ள எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வில், இந்த நோயாளிகளிடம் மிகத் தீவிரமான உடற்பயிற்சிப் பழக்கம் ஒப்பீட்டுக் குழுக்களைவிட அதிகமாகக் காணப்பட்டது. சிக்கிள் மரபணு கொண்ட எலிகளைக் கடுமையாக ஓடவிட்டபோது மெடுல்லாவில் ஆக்சிஜன் பற்றாக்குறை கூடியது. மிதமான ஓட்டத்தில் அப்படி ஆகவில்லை. இதை வைத்து நூற்பாலை வேலை புற்றுநோய் தரும் என்று யாரும் எழுதிவிடக் கூடாது. ஆய்வு பேசியது பயிற்சியைப் பற்றி, அதுவும் நோய் தோன்றுவதைப் பற்றி. தண்ணீர் குடிக்க நேரம் தராத பன்னிரண்டு மணி நேர ஷிப்டு கடத்தியின் சிறுநீரகத்துக்கு நல்லதல்ல என்பதற்கு எலி ஆய்வு தேவையுமில்லை.

உடம்புக்குள் நடப்பவை இவை. உடம்புக்கு வெளியே பரவலுக்குத் துணைபோகும் ஒரு காரணம் இருக்கிறது: நாள். தாமதம் நோயின் குணத்தை மாற்றுவதில்லை. சீக்கிரம் கண்டறியப்பட்டவர்களிலும் பலருக்கு அது பரவியே இருந்தது. இருந்தாலும், இதுவரை ஆண்டுக்கணக்கில் நோயின்றி வாழ்ந்திருப்பவர்கள் யார் என்று பார்த்தால், நோய் சிறுநீரகத்தையோ அருகிலுள்ள முடிச்சுகளையோ தாண்டாத நிலையில் பிடிபட்டு, மருந்தும் அறுவையும் சேர்த்துப் பெற்றவர்கள்தான் பெரும்பாலும். ஆகவே வாரங்களுக்கு மதிப்பு உண்டு. அந்த வாரங்கள் நம் ஊரில் எங்கே கரைகின்றன என்பது ஊகிக்கக்கூடியதே. முதல் சில வாரங்கள் கஷாயத்திலும் மருந்துக்கடை மாத்திரையிலும். அடுத்தது கிருமித்தொற்று என்று ஒரு சுற்று ஆன்டிபயாட்டிக். அதற்குள் எடை குறைந்து, மாலையில் காய்ச்சல் வந்து, கழுத்தில் நெறிகட்டி தோன்றினால், காசநோய். இளைஞன், தொழிலாளி, நெருக்கமான அறையில் தங்குகிறவன், சிறுநீரில் சீழ் அணுக்கள் இருக்கின்றன, கிருமி வளரவில்லை. காசநோய் என்று நினைப்பது இந்தியாவில் முட்டாள்தனமே அல்ல, பல சமயம் சரியும்கூட. திசுவில் உறுதி செய்யாமல் மாத்திரையைத் தொடங்கிவிட்டு இரண்டு மாதம் பார்ப்போம் என்பதுதான் இந்த நோயாளிக்குக் கட்டுப்படியாகாதது. நெறிகட்டியில் ஓர் ஊசி வைத்து எடுத்துப் பார்க்க ஆகும் செலவு அந்த இரண்டு மாதத்தோடு ஒப்பிட்டால் ஒன்றுமே இல்லை.

எடுத்த திசு நுண்ணோக்கியின்கீழ் வந்ததும் ஏமாற்று வித்தை தொடர்கிறது. கட்டியைச் சுற்றி நியூட்ரோஃபில் என்ற வெள்ளணுக்கள் மொய்த்துக் கிடக்கும். குட்டிக் குட்டிச் சீழ்ப்பைகள் போலவே தோன்றும். நார்த்திசு தடித்திருக்கும். அனுபவமில்லாத கண் இதைத் தொற்று என்றோ, வேறொரு சிறுநீர்க் குழல் புற்றுநோய் என்றோ படித்துவிடலாம். நாளங்களுக்குள் வளைந்த சிவப்பணுக்கள் தெரிகின்றனவா என்று தேடுவது ஒரு துப்பு. தீர்ப்பு சொல்வது ஐ.என்.ஐ.1 என்ற சாயச் சோதனை. ஸ்மார்க்-பி1 மரபணு தயாரிக்கும் புரதத்துக்கான சாயம் அது. ஒழுங்கான செல்களின் கரு பழுப்பு நிறமேற்கும். இந்த நோயின் தகட்டைப் பார்த்தால் இடையிடையே இருக்கும் நிணநீர் அணுக்களும் இரத்த நாளச் சுவரும் பழுப்பாக மின்ன, கட்டிச் செல்களின் கரு மட்டும் வெறும் நீலமாக நிற்கும். இல்லாமையைப் பார்த்து நோயைச் சொல்லும் சோதனை என்பதால், பக்கத்திலேயே பழுப்பு தெரிகிறதா என்று பார்த்தால்தான் சாயம் வேலை செய்திருக்கிறது என்று நம்ப முடியும். இதைக் கேட்டு வாங்க வேண்டும். இளைஞர் என்றும் சிக்கிள் கடத்தி என்றும் விண்ணப்பச் சீட்டில் எழுதாவிட்டால் நோயியல் மருத்துவருக்கு இதைச் செய்யத் தோன்றவே வழியில்லை.

சிகிச்சையில் இந்த நோய் நம்மைப் பழைய மருந்துகளுக்கே திருப்பி அனுப்புகிறது. சாதாரணச் சிறுநீரகப் புற்றுநோய்க்குக் கீமோதெரபி பயன்படாது. இரத்த நாள வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகளும் நோயெதிர்ப்பைத் தூண்டும் விலையுயர்ந்த ஊசிகளும்தான் இன்று வழக்கம். மெடுல்லா புற்றுநோயில் அந்த மாத்திரைகள் தனியாகப் பலிப்பதில்லை. நோயெதிர்ப்பு ஊசிகளிலும் நல்ல பலன் மிக அரிது. அவற்றுக்குப் பிறகு நோய் இன்னும் வேகமெடுத்ததும் பதிவாகியிருக்கிறது. ஓரளவு கட்டுப்படுத்துவது கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் போன்ற பிளாட்டினம் வகைக் கூட்டு. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளிலும் கிடைக்கிற, பல பத்தாண்டுப் பழக்கமுள்ள மருந்துகள். வரிசையும் மாறுகிறது. மற்றச் சிறுநீரகப் புற்றுநோயில் முதலில் கத்தி. இங்கே பெரும்பாலானோருக்கு முதலில் மருந்து, அது கேட்டால் பிறகு சிறுநீரகம் முழுவதையும் முடிச்சுகளோடு அகற்றுவது. முதலில் சொன்ன 52 பேர் ஆய்வில் எல்லோரையும் சேர்த்து இடைநிலை வாழ்நாள் 13 மாதம். சிறுநீரகம் அகற்றியவர்களுக்கு 16.4 மாதம், மருந்து மட்டும் பெற்றவர்களுக்கு 7. இந்த வித்தியாசத்தை அப்படியே கத்தியின் கணக்கில் எழுதிவிட முடியாது. அறுவையைத் தாங்கும் உடம்பும் குறைந்த பரவலும் உள்ளவர்களைத்தானே மேசைக்கு அழைத்துப் போவார்கள்.

1995இன் 15 வாரத்தோடு ஒப்பிட்டால் 13 மாதம் முன்னேற்றம்தான். மகிழ்ச்சியடையும் அளவுக்கு அல்ல. ஸ்மார்க்-பி1 இல்லாத செல்களின் பலவீனத்தைக் குறிவைக்கும் டேசமெட்டோஸ்டாட் போன்ற மருந்துகள் ஆய்வில் இருக்கின்றன. அதே குறைபாடுள்ள வேறொரு மென்திசுப் புற்றுநோய்க்கு அமெரிக்காவில் 2020இல் அதற்கு அனுமதியும் கிடைத்தது. இங்கே நான் அழுத்திச் சொல்ல விரும்புவது பணத்தைப் பற்றி. கொங்கு நாட்டில் குடும்பத்தில் ஒருவருக்குப் புற்றுநோய் என்றால் தோட்டத்தை விற்றாவது மிக விலையுயர்ந்த ஊசியைப் போட்டுவிட வேண்டும் என்று அண்ணன் தம்பிகள் ஒன்றுகூடுவார்கள். அந்தப் பாசத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்த ஒரு நோயில் விலை குறைந்த மருந்துதான் முந்தி நிற்கிறது. பெயரைச் சரியாகக் கண்டுபிடிக்காமல் 'சிறுநீரகப் புற்றுநோய்' என்று மொத்தமாக எழுதிச் சிகிச்சை தொடங்கினால், பணமும் போய், வேலை செய்யக்கூடிய மருந்துக்கான நாட்களும் போய்விடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கலாம். வடக்கிலிருந்து வந்த, சம்பளப் பட்டியலில் பெயரில்லாத பையனுக்கு இரண்டும் இல்லாமல் போகிறது. அவனை ரயிலேற்றி ஊருக்கு அனுப்பிவிடுவதுதான் பல இடங்களில் நடக்கும் ஏற்பாடு. நோயின் கணக்கில் அந்தப் பயணமும் தாமதம்தான்.

2023 ஜூலை 1 அன்று மத்தியப் பிரதேசத்தின் ஷாடோலில் தேசிய சிக்கிள் செல் ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது, 2047க்குள் நோயை ஒழிப்பது என்பவை இலக்குகள். தமிழ்நாடும் அதில் அடக்கம். நீலகிரியில் இதற்கு வெகு முன்பே வேலை தொடங்கிவிட்டது. 1990 முதல் இயங்கும் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை போன்றவை சிக்கிள் நோயாளிகளைப் பெயர் சொல்லி அழைத்துப் பார்த்துவருகின்றன. தேசிய இயக்கத்தில் பரிசோதித்தவர்களுக்கு நிறம் பிரித்த அட்டை தருகிறார்கள். அட்டையின் நோக்கம் திருமண ஆலோசனை. இரண்டு கடத்திகள் மணந்தால் பிள்ளைக்கு முழு நோய் வரலாம் என்பதற்காக. நல்ல நோக்கம். ஆனால் கடத்தி என்று அட்டை வாங்கியவரிடம் 'உனக்கு ஒன்றும் இல்லை' என்று மட்டும் சொல்லி அனுப்புவது போதாது. சிறுநீர் சிவந்தால், அது ஒரே ஒரு முறையாக இருந்தாலும், அட்டையை எடுத்துக்கொண்டு வா என்று ஒரு வாக்கியம் சேர்க்க வேண்டும். அறிகுறி எதுவும் இல்லாத கடத்திகளை எல்லாம் ஆண்டுதோறும் ஸ்கேன் எடுக்க வேண்டியதில்லை. யாரும் அப்படிப் பரிந்துரைக்கவுமில்லை.

மருத்துவர் பக்கத்தில் செய்ய வேண்டியதும் சிறிதுதான். முப்பதைத் தாண்டாத ஒருவருக்குக் கல் தென்படாமல் சிறுநீரில் இரத்தம் வந்தால், தடாகத்து இருளராக இருந்தாலும் பல்லடத்துத் தறிக்கூடத்தில் வேலை செய்யும் பலாங்கீர்ப் பையனாக இருந்தாலும், ஹீமோகுளோபின் வகையைப் பார்க்கும் பரிசோதனைக்கு ஒரு முறை இரத்தம் எடுக்கலாம். கடத்தி என்று வந்தால் மருந்து ஏற்றிய சி.டி. அல்லது எம்.ஆர்.ஐ. அனுப்பும் சீட்டில் 'விலா வலி, கல்லா பார்க்கவும்' என்பதற்குப் பதிலாக 'சிக்கிள் கடத்தி, சிறுநீரில் இரத்தம், மெடுல்லாவில் கட்டி உண்டா பார்க்கவும்' என்று எழுதினால், படம் பார்ப்பவர் தேட வேண்டிய இடத்தில் தேடுவார். பயாப்சிச் சீட்டிலும் அதே வரியோடு 'ஐ.என்.ஐ.1 சாயம் தேவை' என்று சேர்த்துவிட்டால், நோயியல் அறையில் ஒரு வாரம் மிச்சமாகும்.